வெறும் வயிற்றில் ருசி பார்க்கிறவர்

ஜனவரி 9

அன்புள்ள கண்ணாடிக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் நீ திடுக்கிட்டிருப்பாய். உன் மாமியார்தான் எழுதுகிறேன். நீயும் என் பையனும் போன வருடம் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகு அந்தப் பட்டம் எனக்கு இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியவில்லை. யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போகாததால் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் பேசலாம்தான். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், சொல்ல வந்த விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் காகிதம். வீட்டை விட்டுப் போகும்போது உன் துணிமணி, புத்தகம், கம்பி வளைந்த அந்தக் குடை வரைக்கும் கண்ணும் கருத்துமாக எடுத்துக்கொண்டு போனாய். போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கு ஒரு வரி எழுதத்தான் உனக்குக் கை வரவில்லை. சரி, சண்டைக்கு வரவில்லை.

விஷயம் இது. சில மாதங்களாகக் காலையில் எழுந்தால் தொண்டையில் ஒரே கசப்பு. மேல் வயிற்றில் எரிச்சல். தெருமுனை டாக்டர் அசிடிட்டி என்று மாத்திரை கொடுத்தார். தீர்ந்ததும் இன்னும் பெரிய மாத்திரை கொடுத்தார். ஒன்றும் அசையவில்லை. எரிச்சலோடு குடித்தனம் நடத்திவிடுவேன், அது பெரிதில்லை. கசப்புதான் என்னைக் கொல்கிறது. போன வாரம் ருசி பார்க்க என் மேசைக்கு வந்த ஒரு லாட் தேயிலையை, தொண்டையில் கசப்பு தங்குகிறது என்று எழுதி ஒதுக்கிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் அதையே உறிஞ்சிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நல்ல சரக்கு, கண்ணாடி. கசப்பு என் தொண்டையில் இருந்தது.

மேனேஜர் கூப்பிட்டு, "மேடம், உடம்பு சரியாகுற வரைக்கும் உங்க கோப்பைகளை இன்னொருத்தரும் ஒரு தடவை பார்க்கட்டுமே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. மழை முடிந்து புது சீசன் சரக்கு வருவதற்குள் நாக்கு சரியாகாவிட்டால் என்னைக் கணக்குப் பிரிவில் உட்கார வைத்துவிடுவார்கள். இத்தனை வருடம் இந்த நாக்கை வைத்துப் பிழைத்தவள் நான். அது இல்லாமல் எனக்கு என்ன தெரியும்?

நீ நாள் முழுக்க யார் யாருடைய வயிற்றுத் துணுக்கையோ மைக்ராஸ்கோப் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அதற்காகத்தானே உனக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்தேன். என் வயிற்றுக்கு என்னவென்று சொல்.

இப்படிக்கு,
உன் மாமியார் (இப்போதைக்கு)

---

ஜனவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே படித்து முடித்தேன். எழுதாமல் இருந்தது மறதியால் இல்லை, அத்தை. எந்த உரிமையில் எழுதுவது என்று தெரியவில்லை. காகிதத்தை எடுப்பேன், 'அன்புள்ள' என்று எழுதுவேன், அதோடு பேனா நின்றுவிடும். நீங்கள் எழுதியதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

நான் டாக்டர் இல்லை என்பதை முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் துணுக்குகளை அரைத்து அளக்கிறவள். ஆனாலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே உங்களுக்குக் கல் இருந்து பித்தப்பையை எடுத்துவிட்டார்கள், இல்லையா? பித்தநீர் ஈரலில் ஊறி, அந்தப் பையில் தங்கி, சாப்பிடும் நேரத்தில் குடலுக்குள் வர வேண்டியது. பை இல்லாதவர்களுக்குத் தங்க இடமில்லாமல் எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும். வயிற்றுக்கும் குடலுக்கும் நடுவில் இருக்கும் வால்வு கொஞ்சம் தளர்ந்திருந்தால் அது மேலே ஏறி வயிற்றுக்குள் வந்துவிடும். அப்படி வருவது அமிலம் இல்லை. அதனால்தான் அமில மாத்திரை மட்டும் பலருக்குப் போதுவதில்லை.

மூன்று கேள்விகள். ஓங்கரித்தால் வருவது மஞ்சளா, பச்சையா? முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறீர்களா? வேலைக்குப் போகும்போது இன்னமும் ஒன்றும் சாப்பிடாமல்தான் போகிறீர்களா? வயிற்று டாக்டரிடம் போய் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கண்ணாடி

---

பிப்ரவரி 1

அன்புள்ள கண்ணாடிக்கு,

நீ கேட்டது மூன்று கேள்வி இல்லை, குறுக்கு விசாரணை. பதில் சொல்கிறேன்.

மஞ்சள் கலந்த பச்சை. வாஷ்பேசினில் பார்த்துவிட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது.

முழங்காலுக்கு மாத்திரை உண்டு. நாள் முழுக்க மேசை மேசையாக நின்றுகொண்டே கோப்பையை உறிஞ்சித் துப்புகிற வேலை, உட்கார்ந்து செய்தால் சரிப்படாது. காலையில் ஒன்று போட்டால்தான் கால் நிற்கும். வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் போவேன்.

சாப்பாடு கிடையாது. உனக்குத் தெரியாதா? மத்தியானம் வரை ஒரு பருக்கை உள்ளே போனாலும் நாக்கு மந்தமாகிவிடும். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். நீயே ஒரு நாள் உன் ரொட்டியில் பாதியை என் தட்டில் வைத்தாய், நான் நகர்த்தி வைத்தேன், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆபீஸ் போனாய்.

எண்டோஸ்கோப்பி வேண்டாம். குழாய் தொண்டைக்குள் போக வேண்டுமென்றால் என் நாக்கின் மேல்தானே போக வேண்டும்? உனக்கு அது சதை. எனக்கு அப்படி இல்லை. என் பையனிடம் சொன்னேன். "சரிம்மா, டாக்டர் சொல்றதைக் கேளுங்க" என்றான். அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வான். கெட்டவன் இல்லை, உனக்கே தெரியும். கேட்டால் லீவு போட்டுக்கொண்டு வருவான். வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நீ ஏதோ என்சைம் என்சைம் என்று எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசுவாயே, அப்போது தலையை ஆட்டினேன், ஒன்றும் புரியவில்லை. இப்போது என் வயிறு என்பதால் ஆசையாகக் கேட்கிறேன். டீக்காரிக்குப் புரிகிற மாதிரி சொல்.

உன் மாமியார்

---

பிப்ரவரி 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பறித்த இலையைக் கசக்கிப் போட்டால் காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகிறதே, அதைச் செய்வது இலைக்குள் இருக்கும் என்சைம். சரியான நேரத்தில் சூடு காட்டி அதை நிறுத்தினால்தான் நல்ல டீ. எனக்கு இதைச் சொன்னதே நீங்கள்தான்.

வயிற்றின் உள் சுவரிலும் என்சைம்கள் உண்டு. அவற்றில் சில இதற்கு நேர் எதிரான வேலை செய்கின்றன. சுவரில் இருக்கும் செல்கள் புண்படும்போது ஆக்ஸிஜனிலிருந்து முரட்டுத் துகள்கள் சில பிறக்கும். பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரித்துவிடும். அவற்றைப் பிடித்துத் தண்ணீராகவும் சாதாரண ஆக்ஸிஜனாகவும் மாற்றிச் சாதுவாக்குவது இந்தக் காவல் என்சைம்களின் வேலை. இன்னொரு என்சைம் இருக்கிறது. சுவரின் மேல் வழவழப்பாக ஒரு படலம் ஊற வேண்டும், ரத்தம் நன்றாக ஓட வேண்டும் என்று உத்தரவு போடும் பொருளை அது தயாரிக்கிறது. அந்தப் படலம் இருப்பதால்தான் வயிறு தன் அமிலத்தில் தானே வேகாமல் இருக்கிறது.

பித்தநீர் சோப்பு மாதிரி. கொழுப்பைக் கரைப்பது அதன் தொழில். குடலில் அது வேண்டும். வயிற்றுக்குள் வந்தால் இந்தப் படலத்தையே கரைத்துவிடும், அமிலமும் சேர்ந்துகொண்டால் சேதம் அதிகம். முதலில் காவல் என்சைம்கள் கூடுதலாக வேலை செய்து சமாளிக்கப் பார்க்கும். வருடக்கணக்கில் இதே கதை நடந்தால் அவை குறைந்துபோகின்றன. நான் தினமும் அளப்பது இந்தக் குறைவைத்தான்.

உங்கள் வலி மாத்திரை முழங்காலில் வீக்கத்தை உண்டாக்கும் என்சைமைத் தடுக்கிறது. வயிற்றுப் படலத்துக்கு உத்தரவு போடுவதும் அதே குடும்பத்து என்சைம்தான். மாத்திரைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் நிறுத்திவிடும். அதையும் நீங்கள் வெறும் வயிற்றில் போடுகிறீர்கள். உள்ளே சோறு இல்லை, ரொட்டி இல்லை, பித்தநீர் மட்டும் சுவர் மேல் நிற்கிறது. நாக்கைக் காப்பாற்றப் பட்டினி கிடந்தீர்கள், அந்தப் பட்டினியும் சேர்ந்துதான் நாக்கைக் கெடுத்திருக்கிறது. நான்கு வருடம் அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதைத் தொழில் பக்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

எனக்கு வரும் துணுக்குகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இந்த வாரம் ஒவ்வொரு எண்ணையும் எடுக்கும்போது உங்கள் ஞாபகம் வந்தது. வேலை ஓடவில்லை. பயமாக இருக்கிறது, அத்தை. குழாய் நாக்கை ஒன்றும் செய்யாது. எனக்காகப் போங்கள்.

உங்கள் கண்ணாடி

---

மார்ச் 20

அன்புள்ள கண்ணாடிக்கு,

போய்விட்டேன். பக்கத்து மேசைக்காரர் துணைக்கு வந்தார். போகும் வழியெல்லாம் தன் மைத்துனருக்கு இதே குழாய் விட்டபோது என்ன ஆயிற்று என்று சொல்லி எனக்குத் தைரியம் கொடுத்தார். அவரை அனுப்பி வைத்தது நீயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன்.

குழாய் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தார்களே, அதுதான் கொடுமை. நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எல்லாம் முடிந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மரப்பு போகும் வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாம். நான் கேன்டீன் பையனிடம் ஒரு டீ வாங்கி வாயில் வைத்தேன். சூடு கூடத் தெரியவில்லை. நர்ஸ் ஓடி வந்து கோப்பையைப் பிடுங்கி, "ஏம்மா, புரை ஏறினா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினாள். நான் அழுதுவிட்டேன். அவள் திட்டியதற்கு என்று நினைத்துக்கொண்டு பாவம், என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். ஆயுசு முழுக்க இப்படியே ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று அழுதேன்.

நீ சொன்னதுதான். உள்ளே குட்டையாகப் பித்தநீர் தேங்கியிருந்ததாம். சுவர் எல்லாம் சிவப்பு. துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை. ஆனால் சில இடங்கள் குடல் மாதிரி மாற ஆரம்பித்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் சொன்னார். உன் வாயால் கேட்க வேண்டும்.

வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். முழங்காலுக்குத் தடவ ஏதோ கொடுத்தார். பித்தநீரைச் சாந்தமாக்க ஒரு மாத்திரை, சுவரில் பூச்சாகப் படிய ஒரு மருந்து. கட்டில் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். இப்போது காலையில் ஒரு வாழைப்பழமும் ரொட்டியும் சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மேசைக்குப் போகிறேன். முதல் நாள் எல்லோரும் நான் கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்ட மாதிரி பார்த்தார்கள்.

உன் மாமியார்

---

மார்ச் 27

அன்புள்ள அத்தைக்கு,

புற்று இல்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

குடல் மாதிரி மாறுவது என்றால், பித்தநீரோடு போராடி அலுத்துப்போன சுவர், அதைத் தாங்கத் தெரிந்த குடலின் தோலைத் தானும் போட்டுப் பார்க்கிறது. இப்போதைக்கு ஆபத்து இல்லை. ஆனால் அதை அப்படியே விட்டால் வருடங்கள் கழித்துச் சிலருக்கு வேண்டாத பக்கம் திரும்பலாம். அதனால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

வாழைப்பழம் சாப்பிட்டதற்கு உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பக்கத்து மேசைக்காரரை நான் அனுப்பவில்லை. தெரிந்திருந்தால் நிச்சயம் வேறு ஆளை அனுப்பியிருப்பேன்.

உங்கள் கண்ணாடி

---

ஜூன் 30

அன்புள்ள கண்ணாடிக்கு,

மருந்து பாதி வேலை செய்தது. எரிச்சல் அடங்கிவிட்டது. கசப்பு வாரத்தில் சில நாள் போகிறது, சில நாள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்த நாள் வரும் என்று தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு நான் எந்தச் சரக்கைப் பற்றிச் சத்தியம் பண்ண முடியும்? மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பித்தநீர் இன்னும் ஏறுகிறது.

ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. குடலை வெட்டி வேறு விதமாக இணைத்து, பித்தநீர் வயிற்றை விட்டுத் தள்ளிக் கீழே போய்ச் சேரும்படி வழி மாற்றுவார்களாம். இதைப் பழக்கமாகச் செய்கிறவர் உன் ஊரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். ஆகஸ்ட் முதல் வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். கசப்பு போய்விடுமா என்று கேட்டேன். பெரும்பாலும் போகும், ஆனால் நாக்கு பழைய கூர்மைக்கு வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். யோக்கியமான மனிதர். அன்றைக்கு அந்த யோக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் பையன் லீவு போடுகிறான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே நல்ல ஹோட்டல் பார்த்துவிட்டானாம், ரூமுக்கே சாப்பாடு வருமாம். எனக்கு ஹோட்டல் வேண்டாம், கண்ணாடி. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் உன் வீட்டில் வந்து படுத்துக்கொண்டு உன்னிடம் திட்டு வாங்க வேண்டும். வாய் விட்டுக் கேட்கிறேன். வரலாமா?

உன் மாமியார்

---

ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

வாருங்கள் என்று எழுதி முடித்துவிட ஆசைதான். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

என் வீட்டில் இப்போது இன்னொருவர் இருக்கிறார். எங்கள் லேப் இருக்கும் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அமைதியானவர், கொஞ்சம் மறதிக்காரர், என்னிடம் உண்மையாக இருக்கிறார். செப்டம்பரில் பதிவு செய்துகொள்ளப் போகிறோம். நான் உங்கள் வீட்டை விட்டு வந்து வெகுநாள் கழித்துத்தான் அவரைத் தெரியும். இதை நீங்கள் நம்புவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் சொல்ல நினைத்தேன். சொன்னால் உங்கள் கடிதம் நின்றுவிடும் என்று பயந்தேன். உங்கள் மகனை விட்டு வர முடிந்தது. உங்களை விட்டு வந்தது இன்னும் வலிக்கிறது.

நீங்கள் வந்தால் அவர் அந்த வாரங்களுக்குத் தன் அக்கா வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். வெளிச்சமான அறை, ஜன்னல் பக்கம் கட்டில், தலைமாட்டுக்கு மரக்கட்டை எல்லாம் தயார். வர மனமில்லை என்றால் அதுவும் எனக்குப் புரியும். நாக்கைப் பற்றிய பயத்தோடு உங்களை ஹோட்டலில் தனியாக விட மட்டும் மனசு வரவில்லை.

உங்கள் கண்ணாடி

---

ஜூலை 22

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் கடிதம் கிடைக்கவில்லையோ என்றும் நினைத்துப் பார்த்தேன். அது என்னை நானே ஏமாற்றிக்கொள்வது.

கோபம் தீர வேண்டாம். வர வேண்டாம். காலையில் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள். கோபத்தில் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன் உடம்பில் தெம்பு வேண்டும்.

உங்கள் கண்ணாடி

---

ஜூலை 27

அன்புள்ள கண்ணாடிக்கு,

கோபம்தான். இல்லையென்று சொன்னால் பொய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு டிராயரில் போட்டு மூடினேன். என் பிள்ளையின் இடத்தில் யாரோ ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறான் என்று நினைத்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது, அதற்கு உன் என்சைம் எதுவும் உதவவில்லை. இரண்டு நாள் காலையில் சாப்பிடவும் இல்லை. நீ சொன்னது சரி.

அப்புறம் என் பையனிடம் போனில் நானே சொன்னேன். அவன் வேறு யார் மூலமாகவும் கேட்கக் கூடாது என்று தோன்றியது. "அவ நல்லா இருக்காளாம்மா?" என்று கேட்டான். "இருக்காடா" என்றேன். "அப்ப நீங்க அங்கயே போய் இருங்கம்மா. ஹோட்டல்ல உங்களைத் திட்டறதுக்கு யாரு இருக்கா?" என்றான். அவன் எனக்கு இவ்வளவு நீளமாகப் பதில் சொல்லிப் பல வருடம் ஆகிறது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். பாதி அவனுக்காக, பாதி உனக்காக. ரெண்டு பேரும் நல்ல பிள்ளைகள், ஒரே வீட்டில் இருக்க வரவில்லை, அவ்வளவுதான்.

நான் வருகிறேன். அந்த எக்ஸ்ரேக்காரரை அக்கா வீட்டுக்குத் துரத்தாதே. அவர் வீட்டிலிருந்து அவரைக் கிளப்பிவிட்டு நான் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. முதல் நாள் மூன்று பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியாது. பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் கூட யார் என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடு, முன்னாள் மருமகள் என்று. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் பையன் என்னை வண்டியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன் முடியும் வரை இருந்துவிட்டுப் போவான். நீயும் அவனும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். அதுவும் உங்கள் சாமர்த்தியம்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயம், அது உனக்குத் தெரியும். திரும்பக் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு முதல் கோப்பையை நீ போட்டுக் கொடு. பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். நாக்கு திரும்பி வந்திருந்தால் அங்கேயே உனக்குச் சொல்லிவிடுவேன், இலை எத்தனை நாள் பழையது என்று. வராமல் போயிருந்தால் அதையும் உன் எதிரில்தான் தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு. வேறு யார் வீட்டிலும் என்னால் அதைத் தாங்க முடியாது.

உன் அத்தை